காஜியின் தடையும் நடுவர்மன்றத்தின் ஆணையும்

திருச்சிராப்பள்ளி நத்தர் வலி (ரஹ்) அவர்களின் தர்கா வளாகத்தில் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா அடங்கியிருக்கிறார். 1795ஆம் ஆண்டு சென்னையில் காலமான அவரது உடல் திருச்சிக்கே கொண்டுவரப்பட்டது. ஸியாரத்துக்குச் செல்வோர் அங்கு கர்நாடகப் போர்களையும் சந்தா சாஹிபையும் கிளைவையும் நினைப்பதுண்டு. நவாபின் ஆட்சியோடு மறைந்துபோன வேறொன்றை நினைப்பவர் மிகக் குறைவு. அது காஜியின் நீதிமன்றம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2005 செப்டம்பர் 13 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று தொடங்கி இன்றுவரை அதுபற்றி நம் மஹல்லாக்களில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: வீட்டுக்குள் நடப்பதில் அரசுக்கு என்ன வேலை? ஷரீஅத்தை முன்னிறுத்தி இக்கேள்வியைக் கேட்போர், நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு என்ன விடை தந்திருக்கின்றன என்பதை மறந்து கேட்கின்றனர் என்பது நம் கருத்து. அதை வரலாற்றின் வழியே காட்ட முயல்வோம்.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படைப் பாடநூல். அதில் நுஷூஸ் பற்றிய பகுதியில் மனைவியின் பிணக்கத்தைச் சொன்னபின், ஆசிரியர் கணவனின் வரம்பு மீறலுக்கு வருகிறார். மனைவிக்குரிய உரிமையை, குறிப்பாக நஃபகாவை, அவன் தராவிடில் காஜி அவனைக் கட்டாயப்படுத்தித் தரச் செய்யவேண்டும். காரணமின்றி அவன் அவளைத் துன்புறுத்தினால் காஜி அவனைத் தடுக்கவேண்டும். தடையை மீறி மீண்டும் செய்தால் தஅஸீர், அதாவது தண்டனை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் குறை கூறினால், அவர்களை அறிந்த நம்பிக்கையான ஒருவர் வாயிலாகக் காஜி உண்மையை விசாரித்து, அநீதி இழைப்பவரைத் தடுக்கவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பிளவு முற்றினால்தான் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரும் மத்தியஸ்தர்களாக அனுப்பப்படுவர். சூரா அன்னிஸாவின் 35ஆம் வசனம் கூறும் ஏற்பாடு இதுவே. அவன் மேலும் அத்துமீறுவான் என்ற அச்சமிருப்பின், அவன் நீதிக்குத் திரும்பும்வரை இருவரையும் பிரித்து வைக்கவேண்டும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) முதலானோரின் விளக்கம்.

திருச்சி வட்டார ராவுத்தர் சமுதாயம் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தது. ஆகவே அவர்களின் நூல்களையும் பார்த்தல் தகும். மனைவிக்குக் கணவன் தன் உறவினர் எவருமில்லாத தனி உறைவிடம் தரவேண்டும், குறைந்தபட்சம் தாழிட்டுக்கொள்ளத்தக்க ஓர் அறையேனும் வேண்டும் என்கிறது ‘ஹிதாயா’. கூட்டுக்குடும்ப வீட்டில் சாவி மாமியாரின் முந்தானையில் இருப்பதே மரபு என்று எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ‘ஃபதாவா ஆலம்கீரி’ இன்னும் ஒருபடி செல்கிறது. கணவன் அடித்துத் துன்புறுத்துவதாக மனைவி முறையிட்டு, நல்லோர் நடுவே தன்னைக் குடியமர்த்துமாறு கோரினால், உண்மை காஜிக்குத் தெரிந்திருப்பின் அவனைக் கண்டித்துத் தடுப்பார். தெரியாவிடில் அண்டை வீட்டாரை விசாரிப்பார். அவர்களும் அவன் பக்கம் சாய்பவர்களாக இருந்தால், நல்ல அண்டை அயலாருள்ள இடத்தில் அவளைக் குடிவைக்குமாறு அவனுக்கு ஆணையிடுவார். ஆக, அடிபட்ட பெண்ணின் பேச்சுக்குச் சாட்சியாக அக்கம்பக்கத்தைக் கருதினார்களேயன்றி, அக்கம்பக்கம் வாய்மூடியிருக்கவேண்டுமென்று நம் முன்னோர் எழுதவில்லை.

இந்நூல்கள் இன்றும் நம் அரபுக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கப்படுகின்றன. ஆனால் மேலே கண்ட ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயும் காஜி. அவர் எங்கே?

1801ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கர்நாடகத்தின் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது, திருச்சியும் அதிலடக்கம். கும்பினியின் நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்ட அலுவலர்கள் ஃபத்வா சொல்லும் ஆலோசகர்களாகச் சிறிதுகாலம் நீடித்தனர். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அந்த அலுவலர் பதவிகளையும் அரசு காஜிகளை நியமிக்கும் முறையையும் ஒழித்தது. பிறகு முஸ்லிம்களின் வேண்டுகோளை ஏற்று 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. ஆனால் இச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்படுபவருக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்று அதன் 4ஆம் பிரிவு தெளிவாகவே கூறிவிட்டது. பெயர் மிஞ்சியது, தஅஸீர் செய்யும் கை போயிற்று.

இங்குதான் ஒரு நுட்பமான சரிவு நேர்ந்தது. தலாக் சொல்வதற்குக் காஜி தேவையில்லை. அது கணவனின் வாயில் இருப்பது. அவனைத் தடுப்பதற்கும், அவன் தராத நஃபகாவைப் பெற்றுத் தருவதற்கும், திருமணத்தை ஃபஸ்கு செய்வதற்கும் மட்டுமே காஜி தேவை. எனவே காஜி மறைந்தபோது ஷரீஅத்தில் கணவனுக்குரிய பகுதி முழுமையாக நின்றது. மனைவிக்குக் காவலாக இருந்த பகுதி ஓதப்படுவதாக மட்டும் எஞ்சியது. அதிகாரம் இல்லாத மஹல்லா ஜமாஅத், பாக்கி இருந்த ஒரே கருவியான மத்தியஸ்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. இமாம் நவவி (ரஹ்) இறுதிப்படியாக வைத்ததை நாம் முதற்படியாகவும் ஒரே படியாகவும் ஆக்கிக்கொண்டோம். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பாயில் எதிரெதிரே அமர்த்தி, இருவருக்கும் சமமாக அறிவுரை கூறி அனுப்பும் வழக்கம் இவ்வாறு வந்தது. இதை ஷரீஅத்தின் நடைமுறை என்று கூறுவது பொருந்தாது. அது காலனி ஆட்சி நமக்கு விட்டுச்சென்ற மிச்சம்.

ஆங்கிலேய நீதிமன்றங்கள் இந்த வெற்றிடத்தை எவ்வாறு நிரப்பின? 1867இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த கல்கத்தா வழக்கு ஒன்றைச் சட்டம் பயின்றோர் அறிவர். ஷம்ஸுன்னிஸா பேகம் என்ற செல்வவதியின் அரசாங்கக் கடன் பத்திரங்கள் கணவர் முன்ஷி பஸ்லுர் ரஹீமின் கைக்குப் போயின. அவள் வீட்டைவிட்டு வெளியேறிச் சொத்தைத் திரும்பக் கேட்டாள்; அவரோ மனைவியைத் தம் வீட்டுக்கு அனுப்பிவைக்குமாறு வழக்காடினார். மனைவி திரும்பிச் செல்வது ஆபத்து என்னுமளவுக்குக் கொடுமை நிரூபிக்கப்பட்டால் நீதிமன்றம் அவளை அனுப்ப மறுக்கலாம் என்று பிரிவி கவுன்சில் கருத்துரைத்தது. கேடயம் கிடைத்தது உண்மை. எனினும் கணவன் வழக்குப் போட்டால் மட்டுமே பயன்படும் கேடயம் அது.

இதற்கிடையே ஹனஃபி பெண்களின் நிலை மிகவும் இறுக்கமாயிற்று. கணவன் காணாமற்போனாலும், சோறு போடாவிட்டாலும், அடித்தாலும் ஃபஸ்குக்கு ஹனஃபி மத்ஹபில் வழி மிகக் குறுகலானது. நஃபகா தராத கணவனிடமிருந்து ஷாஃபிஈ பெண்ணுக்கு விடுதலை உண்டு. அவ்வகையில் காயல்பட்டினத்துப் பெண்ணுக்கு இருந்த வழிகூடத் திருச்சிப் பெண்ணுக்கு இல்லை. வட இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாபில், வேறு வழியறியாத பெண்கள் திருமணத்தை முறிப்பதற்காகவே இஸ்லாத்தைத் துறந்ததாக அறிவித்த கொடுமை நிகழ்ந்தது. இதைக் கண்டு மனம் பதைத்த மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், மதீனாவின் மாலிக்கி முஃப்திகளிடம் விளக்கம் பெற்று, 1930களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலதுந் நாஜிஸா’ என்ற நூலை இயற்றினார்கள். நிர்ப்பந்த நிலையில் ஹனஃபிகள் மாலிக்கி மத்ஹபின்படி ஃபஸ்கு பெறலாம் என்பது அதன் சாரம். 1936இல் காஸி முஹம்மது அஹ்மது காஸ்மி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அதுவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம். வழக்கை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்கவேண்டும் என்ற உலமாக்களின் கோரிக்கை மட்டும் கைவிடப்பட்டது. அந்த மனக்குறை நியாயமானதே.

அச்சட்டத்தின் 2ஆம் பிரிவில் கொடுமைக்குத் தரப்பட்ட விளக்கத்தை நிதானமாகப் படித்துப் பார்க்கவேண்டும். வழக்கமாக அடிப்பது, உடலில் கைபடாவிட்டாலும் நடத்தையால் அவள் வாழ்வை நரகமாக்குவது, ஒழுக்கக்கேட்டுக்கு வற்புறுத்துவது, அவள் சொத்தை விற்பது அல்லது அதன்மேல் அவளுக்குள்ள உரிமையைத் தடுப்பது, மார்க்கக் கடமைகளைத் தடுப்பது, பலதார மணத்தில் குர்ஆன் விதித்த நீதியைப் பேணாதிருப்பது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் எனக் கொடுமையை வகைப்படுத்தியபோது அதைப் புதுமை என்று பத்திரிகைகள் வியந்தன. அடிக்காமலும் கொடுமை செய்ய இயலும், மனைவியின் சொத்தைக் கைப்பற்றுவதும் கொடுமையே என்பதை, உலமாக்களின் முயற்சியால் பிறந்த ஒரு சட்டம் 66 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தது.

திருச்சி பல சமயத்தார் வாழும் ஊர். நத்தர் வலி தர்காவிலிருந்து மலைக்கோட்டையும் லூர்து மாதா ஆலயமும் நெடுந்தொலைவு இல்லை. காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். 1939இல் இக்கரை முஸ்லிம் பெண்ணுக்குக் கொடுமையை முன்வைத்து விடுதலை கேட்கும் உரிமை கிடைத்தபோது, ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பத்துப் பெண்ணுக்கு மணவிலக்கு என்ற ஒன்றே சட்டத்தில் இல்லை. பிரிந்து வாழ்ந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை 1946இலும், மணவிலக்கு 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தாலும், பின்னர் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தாலுமே வந்தன. கிறிஸ்தவப் பெண்ணோ கொடுமை ஒன்றை மட்டும் காட்டி மணவிலக்குப் பெற 2001வரை காத்திருக்க நேர்ந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முன்னால் நின்ற சமுதாயம் பிற்பாடு ஏன் பின்வரிசைக்குப் போயிற்று என்று கேட்பதற்காகவே சொல்கிறோம்.

இவையெல்லாம் வெளியேறும் வழிகள் என்பதைக் கவனிக்கவேண்டும். 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவு (2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு) கணவனையும் அவன் உறவினரையும் சிறைக்கு அனுப்பும் வழி. தமிழகத்தில் 1992இல், ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பின்னாளில், 2011இல், அவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த ஸ்ரீரங்கத்திலும் இன்று அத்தகைய நிலையம் உண்டு. ஆண் காவலர்முன் பேசக் கூசிய பெண்களுக்கு அவை பேருதவி. ஆயினும் காவல் நிலையத்தால் வழக்குப் பதியலாம், அல்லது சமாதானம் பேசி எழுதி வாங்கலாம். திருமணமும் முறியக்கூடாது, கணவன் சிறைக்கும் போகக்கூடாது, அடி மட்டும் நிற்கவேண்டும் என்று வரும் பெண்ணுக்கு, பெரும்பாலோர் அவ்வாறே வருகின்றனர், தருவதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெண்ணுக்காக எழுதப்பட்டது. அவள் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள், முடிவு 60 நாட்களுக்குள் என்பது சட்டத்தின் நோக்கம். 18ஆம் பிரிவின்படி நடுவர் தடையாணை பிறப்பிக்கிறார்: இனி இதைச் செய்யாதே. அந்த ஆணையை மீறினால்தான் 31ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறையோ 20,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ. முதலில் தடை, மீறினால் தண்டனை. ‘மின்ஹாஜ்’ ஓதியவர்களுக்கு இந்த வரிசையைத் தனியே விளக்கத் தேவையில்லை. 20ஆம் பிரிவின் பண நிவாரணம் நஃபகாவைப் பெற்றுத் தருவதற்கு ஒப்பானது. அபாயம் இருப்பின் கணவனை வீட்டைவிட்டு விலகியிருக்கச் செய்யும் 19ஆம் பிரிவு, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கூறிய பிரித்து வைத்தலுக்கு ஒப்பானது. மாவட்டந்தோறும் நியமிக்கப்பட்டு, நிகழ்வறிக்கை எழுதி நடுவருக்கு அனுப்பும் பாதுகாப்பு அலுவலர், காஜி விசாரிக்கும் அந்த நம்பிக்கையான மனிதரின் இடத்தில் நிற்கிறார். சட்டத்தை வரைந்தவர்கள் இமாம் நவவி (ரஹ்) அவர்களைப் படித்தவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே நோயைப் பார்த்த இரு மருத்துவர்கள் ஒரே மருந்துக்கு வந்திருக்கின்றனர்.

உறைவிடத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. ஃபிக்ஹில் ஸுக்னா கணவன்மீதுள்ள கடமை. மாமனாரின் வீட்டில் மருமகளுக்கு உரிமையில்லை. 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும், கூட்டாக வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பத்ரா வழக்கில் இதைக் கணவனின் அல்லது அவனுக்குப் பங்குள்ள வீடு என்று சுருக்கியது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறென்று விலக்கப்பட்டது. எனினும் அதே அளவு வசதியுள்ள மாற்று வீட்டையோ அதற்கான வாடகையையோ கணவன் தருமாறு ஆணையிட 19ஆம் பிரிவிலேயே இடமுண்டு. ‘ஹிதாயா’வின் தனி உறைவிடத்தை விரும்பும் மனைவியும், தம் சொத்தைக் காத்துக்கொள்ள விரும்பும் மாமனாரும் அந்த வழியில் ஒன்றுபடலாம்.

தனியார் சட்டத்தில் தலையீடு என்ற அச்சத்துக்கு 36ஆம் பிரிவே விடை: இச்சட்டம் பிற சட்டங்களுக்கு மேலதிகமானது, அவற்றைக் குறைப்பதன்று. நிக்காஹை இது முறிப்பதில்லை, தலாக்கைத் தொடுவதில்லை. குல்உ நடந்துவிட்டதால் முன்பு செய்த கொடுமைக்குக் கணவன் பொறுப்பில்லை என்ற வாதத்தை 2014இல் ஜுவேரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; அதில் ஷரீஅத்துக்கு முரண் எதுவும் நமக்குத் தெரியவில்லை. 2019ஆம் ஆண்டின் முத்தலாக் சட்டம் வேறு வகையானது. அது தடை என்ற படியைத் தாண்டி, ஒரு சமுதாயத்தின் கணவர்களை மட்டும் நேரே மூன்றாண்டுச் சிறைக்குக் கொண்டுசெல்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எதிர்ப்பவர்கள் முன்னதற்கு அநீதி செய்கின்றனர்.

அன்னிஸா 34ஆம் வசனத்தைக் காட்டி அடிப்பதற்கு அனுமதி தேடுவோரும் உளர். மக்காவின் பெரும் ஃபகீஹான தாபிஈ அதாஃ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்), மனைவி கட்டுப்படாவிட்டாலும் கணவன் அடிக்கலாகாது, தன் கோபத்தைக் காட்டலாம் என்று கருதியதை இப்னுல் அரபி தமது ‘அஹ்காமுல் குர்ஆன்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். அபூதாவூதில் வரும் ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி அதைவிட வலியது. கணவர் அடித்து உடலில் ஓரிடம் முறிந்த நிலையில் அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். நபியவர்கள் கணவரை அழைத்து, கொடுத்த தோட்டங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவரைப் பிரிந்துவிடச் சொன்னார்கள். பொறுமையாயிரு என்று அடிபட்டவரை அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கவில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழகத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் காட்டுகிறது. இது அனைத்திந்திய விகிதத்தைவிட அதிகம். நம் வீடுகள் மட்டும் விலக்காக இருக்கும் என்று நம்ப ஆதாரமில்லை. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மா 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலை வெளியிட்டபோது நம்மில் பலருக்கு அது உவப்பாயில்லை. வீட்டுக்குள் இருப்பதை வெளியே சொன்னது என்பது ஒரு காரணம். பக்கத்துப் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைத்தபோதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வமைப்பின் முறைகளோடு நமக்கும் பிணக்கு உண்டு. ஆனால் அங்கு முறையீட்டோடு சென்ற பெண்கள் வானத்திலிருந்து இறங்கியவர்கள் அல்லர். நம் மஹல்லாக்களின் பாயில் இடம் கிடைக்காதவர்கள்.

2017 ஜனவரியில் பதர் சயீத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துரையே என்று கூறியபோது நம்மவர் வருந்தினர். 1880ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்திருந்தால் வியப்பதற்கு ஏதுமில்லை. அதிகாரம் இல்லாததைப் பற்றி வருந்திக்கொண்டிருப்பதைக் காட்டிலும், அதிகாரமுள்ள இடத்துக்கு அப்பெண்ணை வழியனுப்புவது ஜமாஅத்தால் இன்றே இயலும். பாலக்கரையில் வாழ்க்கைப்பட்டு, அடிதாளாமல் ஸ்ரீரங்கத்தில் தாய்வீட்டில் தஞ்சம் புகுந்திருப்பவள், 27ஆம் பிரிவின்படி தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஸ்ரீரங்கத்துக்குரிய நடுவரிடமே மனுச் செய்யலாம்; கணவனின் ஊருக்கு வரவேண்டியதில்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம்; 181 என்ற உதவி எண்ணும் உண்டு. ஜமாஅத் பதிவேட்டில் எழுதப்பட்ட முந்தைய பஞ்சாயத்து முடிவுகளின் படியை அவள் கேட்டால் முத்தவல்லி மறுக்காமல் தரவேண்டும். கணவன் மும்முறை வாக்களித்து மும்முறை மீறினான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது.

10ஆம் பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்களின் உரிமைகளையும் நலன்களையும் காப்பதை நோக்கமாகக் கொண்ட எந்தப் பதிவுபெற்ற சங்கமும் மாநில அரசிடம் ‘சேவை வழங்குநர்’ எனப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்தோர் பாதிக்கப்பட்டவளின் விருப்பப்படி நிகழ்வறிக்கையை எழுதி நடுவருக்கு அனுப்பலாம், மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லலாம், காப்பகத்தில் சேர்க்கலாம். ஆலிமாக்களைப் பட்டம் தந்து அனுப்பும் மகளிர் அரபுக் கல்லூரிகள் இன்று தமிழகத்தில் பல உள்ளன. ‘ஹிதாயா’வையும் ‘மின்ஹாஜை’யும் ஓதிய அப்பெண்கள் நால்வரோ ஐவரோ சேர்ந்து அத்தகைய சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய முன்வந்தால், பதிவுச் செலவையும் உட்கார ஓர் அறையையும் தர நம் மஹல்லாக்களுக்கு வசதியில்லாமல் இல்லை.